ஜன்னல் வெயிலில் வைட்டமின் டி கிடைக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடி ஜன்னல் ஓரம் வெயிலில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பேன். அப்படியும் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. வலிப்புக்குப் பல வருடங்களாக ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறேன். மற்றபடி நான் நலம்தான். குறைவதற்கு என்ன காரணம்?

பதில்: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆக, 11 நல்ல குறைவுதான்.

முதலில் அந்த ஜன்னலைப் பார்ப்போம். தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். மூடிய கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். புற ஊதா ஏ கதிர் ஓரளவு நுழையும் என்பதால் தோல் கறுக்கலாம், வைட்டமின் மட்டும் கிடைக்காது! சரி, வெளியே போய் உட்கார்ந்தால்? காலை ஏழு மணிக்குச் சூரியன் சாய்ந்திருக்கும். கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் புற ஊதா பி பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடும். வெயிலில் நிற்கும்போது தரையைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலால் பெரிய பலன் இல்லை.

ஃபெனிட்டாய்னை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, இருக்கிற வைட்டமின் டி-யையும் வேகமாகச் சிதைக்க வைக்கும். வலிப்புக்கே தரும் கார்பமசெபின், பீனோபார்பிட்டால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவையும் இதே ரகம். அதற்காக மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து.

மற்ற காரணங்கள் பலருக்கும் தெரிந்தவைதான்: வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தித் திறன் குறையும், கறுத்த தோலுக்குக் கூடுதல் வெயில் தேவை, உடல் பருமன் இருந்தால் வைட்டமின் கொழுப்பிலேயே தங்கிவிடும். குடல், கல்லீரல், சிறுநீரக நோய்களும் உண்டு. உணவை மட்டும் நம்ப முடியாது. கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு என்று பட்டியலே சின்னதுதான்.

ரிப்போர்ட்டை வலிப்புக்குப் பார்க்கும் டாக்டரிடமே காட்டுங்கள். ஃபெனிட்டாய்ன் எடுப்பவர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு வைட்டமின் டி தேவைப்படலாம், அதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக வாங்கி விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல் என்று வேறு தொல்லை வரலாம். கால்சியம் அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.