அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும்

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை மாலையில் இரண்டு எக்ஸ்போஷரில், அதாவது இரண்டு வெளிச்ச அளவில் எடுத்தேன். ஒன்றில் வானம் அழகாக விழுந்திருக்கிறது, கல் கருத்துவிட்டது. மற்றதில் கல் தெளிவு, வானம் வெளுப்பு. வானம் நன்றாக உள்ள படத்தை மேல் லேயராக (அடுக்காக) வைத்து, விமானம் உள்ள இடத்தை அழிப்பானால் அழித்தேன். விளிம்பெங்கும் வெள்ளைக் கோடு. கலசத்தைச் சுற்றிக் கூடுதலாகவே அழிந்துவிட்டது. சேமித்து மூடியும் விட்டேன். லேயர் மாஸ்க் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகும். மூலப் படங்கள் இரண்டும் இருந்தால் புதிதாகத் தொடங்குங்கள். கையில் பிடித்து எடுத்த படங்கள் என்றால், முதலில் இரண்டு லேயர்களும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் பொருந்தட்டும். ஃபோட்டோஷாப் இதைத் தானாகவே செய்து தரும்.

மாஸ்க் என்பது லேயரோடு ஒட்டியிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளை உள்ள இடத்தில் அந்த லேயர் தெரியும். கறுப்பு உள்ள இடத்தில் மறையும். சாம்பல் நிறம் அதன் அடர்த்திக்கேற்பப் பாதி தெரியவிடும். வானத்தின் ஒரு புள்ளிகூட அழிவதில்லை. கறுப்பு தவறிப் பட்டால் அங்கே வெள்ளையைத் தீட்டுங்கள், வானம் திரும்பிவிடும். ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்பு வகையான பிஎஸ்டியாகச் சேமித்தால் அடுத்த ஆண்டு திறந்தும் திருத்தலாம். ஜேபெக்கில் மட்டும் சேமித்தால் லேயர்கள் ஒன்றாகிவிடும்.

ஆனால் விமானத்தின் 13 நிலைகளையும், ஒவ்வொன்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிற்பங்களையும் பிரஷால் சுற்றி வராதீர்கள். எத்தனை பொறுமை இருந்தாலும் கை தவறும். விளிம்பைப் படமே வரைந்து தரட்டும். வானம் வெளுத்த படம் இருக்கிறதே, இந்த வேலைக்கு அதுதான் பொன்: வானம் ஏறக்குறைய வெள்ளை, கல் அதைவிடக் கறுப்பு. அந்தப் படம் முழுவதையும் நகலெடுங்கள். மேல் லேயருக்கு மாஸ்க் சேர்த்து, ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் திரையில் மாஸ்க் மட்டும் தெரியும். அங்கே ஒட்டுங்கள். பிறகு கன்ட்ரோலும் எல்லும் அழுத்தி வெளிச்சத்தையும் இருளையும் திருத்தும் லெவல்ஸைத் திறந்து, வானம் முழு வெள்ளையாகவும் கல் முழுக் கறுப்பாகவும் ஆகும் வரை இரு ஓர முக்கோணங்களையும் நெருக்குங்கள். அளவுக்கு மீறி நெருக்கினால் விளிம்பு ரம்பப் பல் போலாகிவிடும். ஓரத்தில் மெல்லிய சாம்பல் மிஞ்சியிருக்கட்டும்.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. மாஸ்க் சேர்க்கும்போதே, லேயரின் சாம்பல் நிற நகலையே மாஸ்க்காக வைக்கும் வழி அங்கே உண்டு.

உங்களைப் படுத்திய வெள்ளைக் கோட்டுக்குக் காரணம், அழித்த இடம் விமானத்தைத் தாண்டிச் சற்று வெளியே பரவியிருப்பது. அந்த இடைவெளியில் கீழ் லேயரின் வெளுத்த வானம் எட்டிப் பார்க்கிறது. மாஸ்க்கிலும் கறுப்பு அப்படிப் பரவியிருந்தால் லெவல்ஸில் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள். சாம்பல் வெளுத்து, வெள்ளை கல்லை நோக்கி நகரும், கோடு மறைந்துவிடும்.

கலசத்துக்கு மட்டும் கை வேலை தேவைப்படும். வெயிலில் மின்னும் உலோகம் வானத்துக்கு இணையான வெளிச்சம் என்பதால் மாஸ்க்கில் அதுவும் வெள்ளையாகியிருக்கும். 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, சிறிய, ஓரம் சற்றே கெட்டியான பிரஷால் கறுப்பைத் தீட்டுங்கள். தீட்டும் முன் மாஸ்க்கின் சிறுபடத்தைச் சுற்றிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கறுப்பு மை படத்தின் மேலேயே விழும். எல்லை தாண்டினால் எக்ஸ் விசையைத் தட்டுங்கள். கறுப்பு வெள்ளையாக மாறும், அதே பிரஷால் வானத்தை மீட்டுக்கொள்ளலாம்.