காசுப் பெட்டி: அந்த 1947 நம்முடையது அல்ல

கேள்வி: என் தாத்தா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீமேக்கர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்தாராம், பெரிய தங்கக் காசு ஒன்று வீட்டில் இருக்கிறது. இறக்கை வைத்த பெண், காலடியில் ஒருபுறம் 1821, மறுபுறம் 1947. நம் சுதந்திரத்துக்கு அடித்தது என்கிறார் சித்தப்பா. வளையம் பற்றவைத்துத் தங்கை கல்யாணத்துக்கு டாலராக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தப் பற்றவைப்பை நிறுத்தி வையுங்கள் அம்மா. சுதந்திரக் காசுதான், ஆனால் மெக்சிகோவின் சுதந்திரம். ஸ்பெயினிடமிருந்து 1821-ல் விடுபட்டார்கள். நூறாண்டு நிறைவுக்கு 1921-ல் இந்த 50 பெசோ காசை அடித்தார்கள். பெயர் சென்டெனாரியோ. அந்த இறக்கைப் பெண்ணின் ஒரு கையில் மலர்வளையம், மறுகையில் அறுந்த சங்கிலி இருக்கும், பின்னால் இரண்டு எரிமலை. திருப்பினால் கள்ளிச்செடி மேல் பாம்பைக் கவ்வும் கழுகு.

குன்னூரில் வங்கிக்கு நகை மதிப்பிட்ட காலத்தில் இந்தக் காசு என் மேஜைக்கு வந்தபோதும் வருஷத்தைத்தான் காட்டினார்கள், சுற்றியுள்ள எழுத்தை யாரும் படிக்கவில்லை. 1947 ஆகஸ்டில் நம் கையில் புழங்கியதே ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசு. நமக்கென்று தனிக் காசு வந்தது 1950-ல். அதிலும் தங்கம் கிடையாது.

இன்னொன்று, உங்கள் காசு 1947-ல் அடித்ததாகவே இருக்க வேண்டியதில்லை. 1949 முதல் 1972 வரை அதே வருஷம் போட்டே அடித்துத் தள்ளினார்கள். ஆகவே 1947 என்பதற்காகக் கூடுதல் விலை கிடைக்காது. 1921, 1931 என்று இருந்தால் சேகரிப்பவர்கள் கொஞ்சம் மேலே கொடுப்பார்கள்.

கடையில் காட்டும் முன் வீட்டிலேயே பாருங்கள். மொத்த எடை 41.67 கிராம், அதில் சுத்தத் தங்கம் 37.5, மீதி செம்பு. அதனால்தான் நம் நகையைவிடச் சற்றுச் சிவந்து தெரியும். குறுக்களவு 37 மில்லிமீட்டர். நல்ல மின்தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, அளவை சுழியாக்கி, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்கவிடுங்கள். 2.4 கிராம் அளவில் காட்ட வேண்டும். அதே எடைக்குப் பித்தளை என்றால் ஐந்து கிராமை ஒட்டிக் காட்டும். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். விளிம்பில் கீறல் விழுந்தால் பிறகு உருக்கும் விலைதான் பேசுவார்கள். 916 முத்திரை எங்கே என்று கேட்டு விலையைக் குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இது 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு தங்கம். காசிலேயே தங்கத்தின் எடை எழுதியிருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

டாலர் ஆசை என்றால், காசைத் தொடாமல் சுற்றிப் பிடிக்கிற சட்டம் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அஞ்சு பவுனுக்கு மேல் கனம். கல்யாணப் பெண்ணின் கழுத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் சுதந்திரத்துக்கு வந்த காசு எதை வாங்கலாம்? கையில் காசு குறைவு.
– கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: 1972-ல் வெள்ளிவிழாவுக்கு வந்த பத்து ரூபாய், பாதி வெள்ளி, 22.5 கிராம். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் சுதந்திரப் பொன்விழாவுக்கு 1997-ல் வந்த தண்டி யாத்திரை ஐம்பது பைசா, பழைய சில்லறை டப்பாவிலேயே கிடைக்கும். பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள். ஊட்டி ஈரத்தில் பச்சைப் பிசுக்கு பிடித்துவிடும்.