பழைய ஜாஸ் கிட்டாரை வாங்கலாமா?

கேள்வி: ஜாஸ் பழகிவருகிறேன். பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தக் கனிந்த நாதம் என் கிட்டாரில் வரவில்லை. 1950களில் செய்த கிப்ஸன் இ.எஸ்-175 என்ற உள்ளீடற்ற மின்கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. சேமிப்பைப் போட்டு வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் தேடும் நாதத்தில் பெரும்பங்கு கம்பியிலும் விரலிலும்தான் இருக்கிறது. முதலில் 12 அல்லது 13 கனமுள்ள (மிக மெல்லிய கம்பி 0.012 அல்லது 0.013 அங்குலம்) ஃபிளாட்வுண்ட் கம்பிகளை, அதாவது தட்டையான சுற்றுள்ள வழவழப்பான கம்பிகளைப் பூட்டுங்கள். மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாகவே இருக்கட்டும். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகளில் நெக் (கழுத்து) பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். ஜாஸ் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரி, மீட்டும் வில்லையான பிளெக்ட்ரத்தைத் தொடாமல் கட்டைவிரல் சதையால் மீட்டியவர். அப்படியும் வாசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்றால், அது உள்ளீடற்ற உடலின் வேலை. கம்பியின் அதிர்வை மேற்பலகை சீக்கிரமே வாங்கிக்கொள்வதால் சுரம் ‘டொக்’ என்று பிறந்து, இழுபடாமல் அடங்கிவிடுகிறது. எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும். எனக்கு இந்தக் கிட்டார்கள்மேல் தீராத ஆசை இருப்பதே அதனால்தான். ஆனால் புதிய உள்ளீடற்ற கிட்டாரிலும் இது கிடைக்கும்.

மரம் முதிர முதிர ஒலி கனியும் என்பார்கள். செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகை கொண்ட கிப்ஸன் எல்-5 போன்ற கிட்டார்களுக்கு அதைப் பேசலாம். 1949இல் வந்த 175 அடுக்குப் பலகையால் ஆனது. மேடையில் ஒலிபெருக்கியின் சத்தம் திரும்பக் கிட்டாரில் பட்டு ஊளையிடுவதைக் குறைக்க அது உதவும். ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் ஜிம் ஹாலும் ஜோ பாஸும் அதில்தான் அற்புதங்கள் செய்தார்கள். என்றாலும் மரத்தின் வயதுக்காக மட்டும் அதற்குப் பெருந்தொகை கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் நெக்கில் வளைவோ முறுக்கோ இருக்கிறதா, நெக் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் வடிவத் துளை வழியே சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டு, உள்ளே தாங்குகட்டைகள் பெயர்ந்திருக்கின்றனவா என்று சோதியுங்கள். மீட்டும்போது உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டு பழைய செல்லுலாய்டால் ஆனதென்றால், அது சிதையும்போது வெளிவரும் ஆவி, அருகிலுள்ள உலோகத்தை அரித்துவிடும். அங்கே ஃப்ரெட்டுகள் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) பச்சை பூத்திருந்தால் அதுதான் அறிகுறி. 1957 வாக்கில்தான் 175-க்கு ஹம்பக்கர் என்ற, இரைச்சலை அடக்கும் இரட்டைச்சுருள் பிக்கப்புகள் வந்தன. 1953 கிட்டார் என்று சொல்லி ஹம்பக்கரோடு காட்டினால், பிற்காலத்தில் மாற்றியது என்று பொருள். வாசிப்புக்கு அது குறையே இல்லை, விலையை மட்டும் கறாராகக் குறைத்துக் கேளுங்கள்.