மாத்திரைக்கு அடங்காத குரல், ஸ்கேன் பார்த்துக் காந்தம் வைத்தால் அடங்குமா?

தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அண்ணனுக்கு மனச்சிதைவு, வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் காதில் குரல் ஓயவில்லை, ஸ்கேன் எடுத்து மூளையில் அதே இடத்தில் காந்தம் வைக்கிறார்களாமே, கடன் வாங்கியாவது செய்யலாமா என்று.

இப்போதைக்குக் கடன் வாங்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் மாமாவுக்கு இதே நோய், அதனால் படித்ததும் விசாரித்ததும்தான் சொல்கிறேன்.

அந்தக் காந்த சிகிச்சைக்கு டிஎம்எஸ் என்று பெயர். ஷாக் ட்ரீட்மென்ட் இல்லை, மயக்க ஊசியும் கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து இடது காதுக்குச் சற்று மேலே ஒரு சுருளை வைப்பார்கள், டக் டக்கென்று தட்டும். பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி அங்கேதான், குரல் கேட்கும்போது அது தானாகவே துடிக்கிறது, நொடிக்கு ஒரு தட்டு வீதம் கொடுத்தால் அடங்கும் என்பது கணக்கு. 2000 வாக்கில் அமெரிக்காவில் ரால்ஃப் ஹாஃப்மன் என்ற மனநல மருத்துவர் இதைச் செய்து காட்டியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. அப்புறம் ஆளாளுக்கு மூளை வேறு, ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் குரல் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பலூனை அமுக்கச் சொல்லி, அந்த நேரம் எந்த இடம் வேலை செய்கிறதோ அதைக் குறிபார்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று யோசித்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் 62 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்கேன் பார்த்து, இன்னொன்றுக்கு வழக்கமான இடத்தில், மூன்றாவதற்குச் சும்மா பாவனைக்கு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது: மூன்றுக்கும் வித்தியாசமில்லை. வேறு சில ஆய்வுகளில் சிலருக்குக் குறைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க முடியுமா?

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது குளோசபின் என்ற மருந்தைப் பற்றி. இரண்டு வேறு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால்தான் 'மருந்துக்கு அடங்காதது' என்பார்கள். அந்தக் கட்டத்துக்கென்றே இருக்கிற மருந்து இது. வெள்ளை அணு இறங்கலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனையை தர்மபுரியிலேயே செய்துவிடலாம். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பல வீடுகளில் இதைத் தொடுவதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

இன்னொன்று, அண்ணன் மாத்திரையை விழுங்குகிறாரா என்று பாருங்கள். எங்கள் மாமா கன்னத்தில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பார், பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்த் துப்புவார். குரல் திட்டத் தொடங்கினால் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கூடவே பாடுவார், அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

குளோசபினுக்கும் கேட்கவில்லை என்றால் அப்போது டிஎம்எஸ் பற்றிப் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் அரசு மனநல நிறுவனம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தலைக்குள் உலோகம் இருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும், எந்த மருந்து எத்தனை நாள் என்று எழுதி, கையோடு எடுத்துப்போங்கள்.