முதல் பில்லின் தேதி என்ன?

கேள்வி: சிறிய பட்டறை நடத்துகிறேன். பல வருட நண்பரின் நிறுவனத்துக்கு இயந்திர உதிரிபாகங்கள் சப்ளை செய்ததில் 18 லட்சம் ரூபாய் பாக்கி. போனை எடுப்பதில்லை, என்னைப் பற்றித் தப்பாகவும் பேசுகிறார். இப்போது ஆள் விட்டு, 14 லட்சம் தவணையில் தருவதாகச் சொல்கிறார். வணிக நீதிமன்றத்தில் சீக்கிரம் முடிந்துவிடுமாமே? இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு சேர்த்தால், சமரசத்துக்குப் போகாமலே வழக்குப் போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: அந்த வழியில் போடாதீர்கள்.

நட்பு, துரோகம், அவர் பேசிய பேச்சு எதுவும் பணம் கேட்கும் வழக்கில் எடுபடாது. முதல் பில்லின் சரக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள். பணம் தர இத்தனை நாள் என்று கெடு பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், பேசவில்லை என்றால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும் 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பலர் கடைசி பில்லிலிருந்து எண்ணிவிட்டு வருகிறார்கள். பொதுவாக ஒவ்வொரு பில்லுக்கும் தனிக் கணக்கு. பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட கடிதம் ஏதாவது அந்த 3 வருடத்துக்குள் வந்திருந்தால் உங்களுக்கு நல்லது, தேடுங்கள்.

அடுத்தது அந்தக் குறுக்கு வழி. வணிக நீதிமன்றச் சட்டம் 2015-ல் வந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்குத்தான். 2018 திருத்தம் அதை 3 லட்சமாகக் குறைத்தது. உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அதே திருத்தம்தான், அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில் முதலில் சமரசம் என்று 12ஏ பிரிவையும் சேர்த்தது. அது கட்டாயம், மீறினால் வழக்குரை (வழக்கைத் தொடங்கும் மனு) நிராகரிக்கப்படும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரம் என்பது வெறும் வேஷமா என்று நீதிமன்றமே பார்க்கும் என்று 2023-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

அவர் இயந்திரங்களை விற்றுவிட்டு ஓடப்போகிறார் என்று காட்ட ஆதாரம் இருந்தால் பேச்சு வேறு. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. பேருக்கு ஒரு மனுவை ஒட்டி வைத்து, மாதக்கணக்கில் வாதாடிய பிறகு வழக்குரை நிராகரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புது வழக்குப் போட அனுமதி உண்டுதான். ஆனால் அதற்குள் பழைய பில்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகியிருக்கும். வலிக்கும் இழப்பு அதுதான். முறையாகச் சமரசத்துக்குப் போனால் அதில் செலவாகும் காலம் இந்த 3 வருடக் கணக்கில் சேராது.

சீக்கிரம் முடியுமா? பிரதிவாதி 120 நாளுக்குள் பதில் போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும், அதுவரை சட்டம் கறார்தான். ஆனால் தீர்ப்பு வாங்கிய பிறகு நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்க வேண்டும். தனியார் தொழில் வளர இந்த நீதிமன்றங்கள் உதவ வேண்டும் என்றால் அடுத்து சீர்திருத்த வேண்டிய இடம் அந்த வசூல் கட்டம்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் 14 லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆள் மூலமாகவோ வாட்ஸ்அப்பிலோ பேசி முடிக்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 12ஏ மனு கொடுத்து, அங்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் மன்றத் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பின் பலம் உண்டு, தவறினால் நேராக நிறைவேற்று மனுதான். ஒரு தவணை தவறினாலும் 18 லட்சத்தில் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியை அதில் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.