ஒரு பெயரும் வெள்ளைக் கோப்பையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஜெர்மனியில், நியூரம்பெர்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் செல்ப் ஊருக்குப் போய் ரோசந்தால் என்கிற பீங்கான் கம்பெனியின் கடையில் இரண்டு கோப்பைகள் வாங்கினேன். அடியில் கிரீடமும் குறுக்கே இரண்டு ரோஜாக்களும் போட்ட முத்திரை. கடைக்காரம்மாவிடம் பேச்சு கொடுத்தபோது, கம்பெனி இப்போது இத்தாலிக்காரர்களுடையது, ரோசந்தால் வீட்டார் யாரும் இதில் இல்லை என்றார். அப்பாவும் மகனும் கட்டிய தொழில் பேரன் கைக்குப் போகவில்லை என்றால் அது தோல்விதானே? எனக்கு மனசு கேட்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பேரன் வரை வந்தால்தான் வெற்றி என்பது நம் ஊர்ச் செட்டிக்கடைக் கணக்கு. ரோசந்தால் விஷயத்தில் அந்தக் கணக்கு இரண்டாம் தலைமுறையிலேயே உடைந்துவிட்டது. அதை உடைத்தது பிள்ளைகளின் சோம்பேறித்தனம் இல்லை.

பெரியவர் பிலிப் ரோசந்தால் (1855-1937) யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளைஞனாக அமெரிக்கா போய்ப் பல வேலைகள் பார்த்து, பீங்கான் கொள்முதலில் நுழைந்தார். 1879இல் ஊர் திரும்பி, செல்புக்குப் பக்கத்தில் எர்கர்ஸ்ராய்ட் மாளிகையில் தொழிலைத் தொடங்கியபோது அவரிடம் சூளையே கிடையாது. ஹூட்சன்ராய்டர் என்கிற பீங்கான் ஆலையிலிருந்து வெள்ளைச் சாமான்களை வாங்கிவருவார், மனைவி மதில்டே அதில் சித்திரம் வரைவார், அவர் விற்றுவருவார். அவ்வளவுதான் கம்பெனி. அவர்களைத் தூக்கிவிட்டது ஒரு சாம்பல் கிண்ணம். அதில் எழுதியிருந்த வாசகம்: ‘எரியும் சுருட்டுக்கு ஓர் ஓய்விடம்’. சாம்பல் தட்ட ஒரு கிண்ணம் என்று விற்றிருந்தால் யார் சீண்டியிருப்பார்கள்? மண்ணைவிட வார்த்தையை நன்றாகப் பிசையத் தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். சொந்த ஆலை பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது.

ஆலை வைப்பது லேசான காரியம் இல்லை. கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் பாதி, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்கிற இரண்டு கனிமங்கள் மீதிப் பாதி. ஒருமுறை சுட்டு, பூச்சில் முக்கி, மறுபடி 1400 டிகிரி வரை சுட வேண்டும். வெந்து வரும்போது கோப்பை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சுருங்கப்போவதை முன்கூட்டியே கணக்குப் பண்ணித்தான் அச்சையே பெரிதாகச் செய்வார்கள். உங்கள் கோப்பையைக் கவிழ்த்து அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று ஒரு வளையம் தட்டுப்படும். சூளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் பூச்சைத் துடைத்துவிடுவார்கள்.

அப்புறம் 1933, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம். அடுத்த வருஷமே பெரியவர் தன் கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கத்தோலிக்கராக மதம் மாறியிருந்தும் பயனில்லை, பிறப்பைத்தான் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் இறந்தும் போனார். ஆனால் பெயரை மட்டும் எடுக்கவில்லை. வெளிநாட்டுச் சந்தையில் அந்தப் பெயருக்குத்தானே காசு! ஆள் வேண்டாம், பெயர் வேண்டும். எனக்கு இந்தக் கதையில் ஆறவே ஆறாத இடம் இதுதான்.

மகனும் பிலிப்தான் (1916-2001). ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். போர் மூண்டதும் ஹிட்லரை எதிர்த்துச் சண்டைபோடப் பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்தார். அங்கிருந்து தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1950இல் அப்பாவின் கம்பெனிக்குத் திரும்பியபோது கிடைத்தது விளம்பரப் பிரிவு. முதலாளி மகனுக்கு விளம்பர வேலை! எட்டு வருஷத்தில் தலைவரானார். 1961இல் ‘ஸ்டுடியோ லைன்’ என்று ஆரம்பித்து, வெளிக் கலைஞர்களைக் கூப்பிட்டுப் புதுப்புது வடிவங்கள் செய்யவைத்தார். கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸைக் கொண்டு செல்பில் ஆலை கட்டினார், 1967இல் திறந்தது. நடுவில் ஒரு கண்ணாடிக்கூடம், அதில் பூநாரைகள். பீங்கான் ஆலையில் பூநாரை எதற்கு என்று கேட்கத் தோன்றும்தான். நாள் முழுக்க வெள்ளையையே பார்க்கிற கண்ணுக்கு வேறு ஒரு நிறம் வேண்டாமா? இது என் ஊகம். தொழிலாளர்களுக்குக் கம்பெனியில் பங்கு கொடுத்தார், சமூக ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின் கம்பெனி 1990களில் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் என்கிற கண்ணாடி, பீங்கான் கம்பெனியின் கைக்குப் போனது, 2009இல் திவாலானது, அதே வருஷம் சம்பொனே என்கிற இத்தாலியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. நீங்கள் சொன்ன இத்தாலிக்காரர்கள் அவர்கள்தான்.

தோல்வியா என்று கேட்டிருந்தீர்கள். ஒருமுறை பிடுங்கப்பட்ட வீட்டுக்குத் திரும்பி வந்து விளம்பரம் எழுத உட்கார்ந்தவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை செல்ப் போனால் கடையோடு திரும்பிவிடாதீர்கள். எர்கர்ஸ்ராய்ட் பக்கத்தில்தான். மதில்டே வரைந்துகொண்டிருந்த அந்த மாளிகையில்தான் பிற்காலத்தில் மகனும் குடியிருந்தார்.

அன்புடன்.