டர்போ டீசல் காரில் மலை ஏறும்போது எந்த கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டுவது நல்லது?

கேள்வி கேட்டவர் புதிதாக டர்போ டீசல் கார் வாங்கியிருக்கிறார். மலைப்பாதையில் கியரைக் குறைத்தால் இன்ஜின் கத்துகிறது, அது கெடுதலா, பெரிய கியரிலேயே மெதுவாக ஏறினால் டீசல் மிச்சமாகுமா என்பது அவர் சந்தேகம்.

கத்தினால் கத்தட்டும், கியரைக் குறையுங்கள். ஏறும்போது ஆர்.பி.எம். முள் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 2000க்கும் 3000க்கும் நடுவில் இருக்கட்டும். 1500க்குக் கீழே விழ விடவே விடாதீர்கள்.

இது எனக்குப் புரிந்த இடம் கொல்லிமலை. அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னுடையது 1.3 லிட்டர் டீசல் கார், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் அப்பா. அவர் பல வருஷம் டர்போ இல்லாத பழைய 2.5 லிட்டர் டீசல் ஜீப் ஓட்டியவர். நான் செகண்டுக்கு இறக்கும்போதெல்லாம், "ஏன்டா வண்டியை இப்படிக் கத்த விடுற, தேர்டு போடு" என்பார். நானும் போட்டேன்.

பாதி மலை ஏறியிருப்போம், ஒரு இடது வளைவு. தேர்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டு, வளைவின் நடுவில் அவசரமாக செகண்டுக்கு மாற்றினேன். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நகரவில்லை. முக்கி, நடுங்கி, அப்படியே ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஒரு பஸ். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, ஃபர்ஸ்ட் போட்டு, ஹாஃப் கிளட்சில் ஒருவழியாக மேலே ஏற்றினேன். கிளட்ச் பிளேட் கருகும் வாடை கார் முழுக்க அடித்தது. அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அப்பா சொன்னது அவர் ஓட்டிய ஜீப்புக்குச் சரி. அந்தப் பெரிய இன்ஜின் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே நிதானமாக இழுக்கும். நம் சின்ன இன்ஜின், கூடுதல் காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போவை நம்பி இருக்கிறது. டர்போவைச் சுற்றுவது சைலன்சருக்குப் போகும் சூடான புகை. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் புகை குறைவு, டர்போவும் தூங்கிவிடும். காற்று வந்த அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் டீசல் விடும், அதனால்தான் எவ்வளவு மிதித்தும் பலனில்லை. என் காரின் முழு இழுவை 190 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 2000 ஆர்.பி.எம்.மில். அந்த வளைவில் செகண்டுக்கு வந்தபோது வேகம் 15 கிலோமீட்டர்தான் இருக்கும், முள் ஆயிரத்தை ஒட்டி நின்றது. அதே வேகத்தில் ஃபர்ஸ்ட் என்றால் 1700க்கு மேல் இருந்திருக்கும். டர்போ விழித்திருக்கும்.

உயரம் ஏற ஏற இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஊட்டி சுமார் 2200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ சுற்றிக்கொண்டிருக்கும்வரை அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தூங்கிவிட்டால் ஊரில் சமாளித்த அதே கியர் அங்கே சமாளிக்காது.

அப்புறம் அந்த இடது வளைவு. நாம் இடது பக்கம் ஓட்டுபவர்கள், அதனால் இடது கொண்டை ஊசியில் உள்பக்கமாகத் திரும்ப வேண்டும். வட்டமும் சின்னது, ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. வலது வளைவில் வெளிவட்டம் கிடைக்கும், செகண்டே போதும். இடது வளைவு என்றால் நுழைவதற்கு முன்பே, நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்து ஃபர்ஸ்டுக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சை மிதிக்கிற அந்த ஒரு நொடியில் வேகமும் போகும், டர்போவும் அடங்கும்.

டீசல் மிச்சமா என்றால், சமதளத்தில் பெரிய கியர் மிச்சம்தான். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போவதில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கும் கிளட்சும் அடி வாங்கும். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இன்ஜின்தான், அது மெதுவாகச் சுற்றினால் தண்ணீரும் மெதுவாகத்தான் ஓடும், சூடு ஏறும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ பெட்ரோல் காரில் இது இன்னும் மோசம். குறைந்த ஆர்.பி.எம்.மில் முழுசாக மிதித்தால் பெட்ரோல் தப்பான நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே உடையலாம். 3000 ஆர்.பி.எம். சத்தம் காதுக்குத்தான் தொந்தரவு. 4000 வரை போகத் தயாரித்த இன்ஜினுக்கு அது சாதாரணம்.

ஏஎம்டி (தானே கியர் மாற்றிக்கொள்ளும்) வண்டி என்றால் மேனுவல் மோடில் வைத்து நீங்களே கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வளைவுக்கு முன்னால் அது மேல் கியருக்குப் போய் மாட்டிவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், டர்போ பேரிங்கில் இருக்கும் சூடான ஆயில் அங்கேயே கருகாமல் இருக்கும்.

குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, அது சட்டமே. நீங்கள் இறங்கும்போது கீழிருந்து ஒருவர் ஏறி வந்தால் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். பாதி வளைவில் நின்றுவிட்டால் அவர் டர்போவை மறுபடி எழுப்புவதற்குள் கிளட்ச் பாதி கருகிவிடும்.